மஞ்சள் விளக்கும் மேலுமலை ஏற்றமும்

போன மாதம் காரை சர்வீஸுக்கு விடப் போயிருந்தேன். பட்டறைக்குள் நின்ற கொஞ்ச நேரத்திலேயே ஏதோ ஒன்று குறைவதாகத் தோன்றியது. வழவழப்பான தரை, தூக்கி நிறுத்தும் லிஃப்ட், சுவரில் வரிசையாக மாட்டிய ஸ்பேனர்கள் எல்லாம் இருந்தன. பெட்ரோல் வாசனைதான் இல்லை.

இதே குருபரப்பள்ளியில், இதே இடத்தில், என் தாய்மாமா தகரக் கொட்டகை போட்டுப் பட்டறை நடத்திய காலத்தில் அந்த வாசனை ரோட்டுக்கே வந்து கூப்பிடும். எவர்சில்வர் தட்டில் பெட்ரோல் ஊற்றி, கார்புரேட்டரைப் பிரித்து, அதன் ஜெட்டுகளை ஊறப்போட்டிருப்பார். ஊசி நுழையும் அளவுதான் துவாரம். கம்பி விட்டால் துவாரம் பெரிதாகிவிடும், அப்புறம் வண்டி பெட்ரோலைக் குடிக்கும். அதனால் வாயில் வைத்து ஊதித்தான் அடைப்பு எடுக்க வேண்டும். பள்ளிக்கூட லீவில் அந்த ஊதுகிற வேலை எனக்கு. நாக்கில் ஒரு சொட்டுப் பட்டுவிட்டால் ராத்திரி வரைக்கும் எதைத் தின்றாலும் பெட்ரோல் ருசிதான். அத்தை ரசத்தில் புளி கூடுதலாகக் கரைத்துக் கொடுப்பார்.

இப்போது பட்டறை மாமாவின் பேரன் கையில். எனக்கு மருமகன் முறை. கார்க் கதவைத் திறந்து வைத்து, ஒரு காலைத் தரையில் ஊன்றி, ஸ்டியரிங்குக்குக் கீழே கையை விட்டுத் துழாவி ஒரு பிளக்கைச் செருகினான். மடியில் இருந்த டேப்லெட்டில் வரிசையாக எழுத்துகள் ஓடின. "கோடு ஒண்ணும் இல்ல மாமா, ஆயில் மட்டும் மாத்திடலாம்" என்றான். கோளாறைக் குறிக்கும் எண்ணைத்தான் கோடு என்கிறார்கள். அவன் கையில் கறை இல்லை. நகத்திலும் இல்லை. மாமா கல்யாண வீட்டுப் பந்தியில் உட்காரும்போது விரல்களை மடக்கி வைத்துக்கொள்வார், நகக்கண்ணில் இருக்கும் கறுப்பு இலையில் தெரியக்கூடாது என்று.

அப்போது இந்த ரோட்டுக்கு ஏழாம் நம்பர் என்று பெயர். பிறகு நாலு வழியானது, நம்பரும் 44 ஆகிவிட்டது. நாங்களும் அப்போது தர்மபுரி மாவட்டம். 2004-இல்தான் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. டி.என். 29 போய் டி.என். 24 வந்தது, ஓசூருக்கு 70. ரோட்டில் நின்று பார்த்தால் கர்நாடக வண்டி, ஆந்திர வண்டி, பெயர் தெரியாத வடநாட்டு வண்டி எல்லாம் கலந்து போகும். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போவதென்றால் மொத்தத்தில் மேலே ஏறுவதுதான். எங்கள் ஊரைத் தாண்டினால் சூளகிரிக்கு முன்னால் மேலுமலை ஏற்றம். சமதரையில் குறை தெரியாமல் ஓடி வந்த வண்டிகளெல்லாம் அங்கே உண்மையைக் கக்கிவிடும். கக்கியவை திரும்பி இறங்கி வந்து மாமாவின் கொட்டகை முன்னால் நிற்கும்.

டிரைவர்கள் இறங்கிச் சொல்வது ஒரே விஷயம்தான். "வண்டி இழுக்கலண்ணா" என்பார் ஒருவர். "பண்டி லாகட்லேது" என்பார் குப்பம் பக்கத்துக்காரர். "காடி எளீதில்லா" என்பார் ஆனேக்கல்காரர். வடநாட்டு லாரிக்காரர் கையை முன்னால் நீட்டி, உதட்டைப் பிதுக்கி, தலையை ஆட்டுவார். மாமாவுக்கு நாலும் புரியும். யார் சொன்னாலும் பானெட்டை உடனே திறக்க மாட்டார். முதலில் டீ சொல்வார். பிறகு கேட்க ஆரம்பிப்பார்.

ஏத்தத்திலயா, சமத்திலயா? காலையில எடுத்த எடுப்பிலயா, சூடேறின அப்புறமா? லோடு இருந்துச்சா? எந்த கியர்ல? அப்ப எவ்வளவு வேகம் போனீங்க? டீசல் எங்க போட்டீங்க, அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கமா, இந்தப் பக்கமா? எல்லையோர ஊர் என்பதால் எந்தப் பக்கம் விலை குறைவோ அந்தப் பக்கத்து பங்க்கில் டேங்க்கை நிரப்பிக்கொள்வது இங்கே வழக்கம். பங்க் மாறிய அன்றைக்கு வந்த கோளாறா என்று பார்க்கத்தான் அந்தக் கேள்வி. அவசரக்காரர்கள் எரிச்சல்படுவார்கள். "வண்டியப் பாருங்கண்ணா, என்னை ஏன் போலீஸ் மாதிரி விசாரிக்கிறீங்க" என்று ஒருவர் சத்தம் போட்டது நினைவிருக்கிறது. மாமா சிரித்துக்கொண்டே அடுத்த கேள்வியைக் கேட்டார்.

விசாரணை முடிந்த பிறகுதான் கை வேலை. பெட்ரோல் வண்டி என்றால் பிளக்கைக் கழற்றி முனையைப் பார்ப்பார். காப்பித்தூள் நிறம் என்றால் எரிப்பு சரி. கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் காற்று அதிகம். ஓடிக்கொண்டிருக்கும் என்ஜினில் பிளக் ஒயரை ஒவ்வொன்றாகப் பிடுங்குவார். எதைப் பிடுங்கினால் சத்தம் மாறவில்லையோ அந்த சிலிண்டர் ஏற்கெனவே வேலை செய்யவில்லை என்று அர்த்தம். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை என்ஜினில் வைத்து, பிடியைக் காதில் வைத்து டேப்பெட் சத்தம் கேட்பார். டீசல் லாரி என்றால் பம்ப் கழன்று பெங்களூர் போகும். அன்றைக்குப் பெரும்பாலான லாரிகளில் மைக்கோ பம்ப்தான். 1951-இல் தொடங்கிய கம்பெனி, அடுகோடியில் ஆலை. மைக்கோவின் பச்சைப் பெட்டிகள் எங்கள் கொட்டகையில் ஸ்டூலாகவும், ஆணி போட்டு வைக்கும் டப்பாவாகவும், ஒரு கட்டத்தில் பூனை குட்டி போட்ட வீடாகவும் இருந்தன.

இந்த ஏற்பாடு குலையத் தொடங்கியது டெல்லியில். 1999-இல் உச்ச நீதிமன்றம் தலைநகர் வட்டாரத்தில் பதிவாகும் புதுக் கார்களுக்கு யூரோ புகை அளவுகளைக் கட்டாயமாக்கியது. அந்த அளவுக்குள் புகையை அடக்கக் கார்புரேட்டரால் முடியவில்லை. கம்பெனிகள் எல்லாம் இன்ஜெக்‌ஷனுக்கு மாறின. பெட்ரோல் எவ்வளவு தெளிக்க வேண்டும், பொறி எப்போது விழ வேண்டும் என்பதை ஒரு கம்ப்யூட்டர் பெட்டி தீர்மானித்தது. அதற்கு இ.சி.எம். என்று பெயர், எங்கள் பக்கத்தில் 'மூளை' என்றார்கள். டாஷ்போர்டில் என்ஜின் படம் போட்ட ஒரு மஞ்சள் விளக்கும் வந்து சேர்ந்தது. டெல்லிக்கு வந்த வெயில் கொஞ்ச நாளில் எங்களுக்கும் அடித்தது. மாமா தட்டில் பெட்ரோல் ஊற்றுவது குறைந்தது. "மூளை இருக்கிற வண்டிக்கு நான் எதுக்கு?" என்று கொஞ்ச நாள் அந்த வண்டிகளைத் தொடாமலே இருந்தார்.

தொட வைத்தது ஒரு ஜெராக்ஸ் தாள். பெங்களூர் ஜே.சி. ரோட்டில் ஸ்பேர் வாங்கப் போன யாரோ கொண்டுவந்து கொடுத்தது. ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்து எழுத்தெல்லாம் மங்கியிருந்தது. இடது பக்கம் எண்கள், வலது பக்கம் உறுப்புகளின் பெயர். மேலே ஒரு கனெக்டரின் படம், அதில் எந்த இரண்டு முனைகளை ஒயரால் இணைக்க வேண்டும் என்று அம்புக்குறி.

அதைச் செய்து பார்த்த முதல் சாயங்காலம் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. ஒரு பெட்ரோல் கார். காலையில் வாட்டர் சர்வீஸ் முடித்து வந்ததிலிருந்து மஞ்சள் விளக்கு அணையவில்லை, ஸ்டார்ட் ஆவதற்கும் முரண்டு பிடித்தது. மாமா ஒரு துண்டு ஒயரின் இரு முனையையும் பல்லால் சீவி, படத்தில் காட்டியபடி செருகினார். நான் சாவியைத் திருப்பினேன். என்ஜினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் ஆன் செய்ய வேண்டும். விளக்கு ஒருமுறை மினுக்கியது. ஒரு நொடி நின்றது. பிறகு வரிசையாக மினுக்கியது. "எண்ணுடா, எண்ணுடா" என்று மாமா தோளைப் பிடித்து உலுக்கினார். இந்த வகை மினுக்கலில் ஒன்று, இடைவெளி, இரண்டு என்று வந்தால் 12. சுசூகி என்ஜின்களில் 12 என்றால் கோளாறு எதுவும் பதிவாகவில்லை என்று பொருள். எங்களுக்கு வந்தது ஒன்று, இடைவெளி, நான்கு. மூன்று முறை அதையே சொல்லிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. அட்டைப் பெட்டியைக் கிழித்து அதன் உள்பக்கத்தில் நான் 14 என்று எழுதினேன். தாளில் 14-க்கு எதிரே தண்ணீர்ச் சூட்டை அளக்கும் சென்சார் என்றிருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் அந்த சென்சாரின் சாக்கெட் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் பீய்ச்சி அடித்ததில் கழன்றதோ, துடைக்கும்போது கை பட்டதோ. திரும்ப அழுத்தி மாட்டினோம், 'டக்' என்று கேட்டது. பேட்டரி ஒயரைக் கொஞ்ச நேரம் கழற்றி வைத்துவிட்டு மறுபடி எண்ணினோம். ஒன்று, இரண்டு. ஒன்று, இரண்டு.

மாமா அன்றைக்கு வண்டிக்காரரிடம் காசு வாங்கவில்லை. அந்த ஒயர்த் துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த வண்டி எப்போது வரும் என்று ரோட்டையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

நாங்கள் இங்கே மினுக்கலை எண்ணிக்கொண்டிருந்தபோது அமெரிக்காவில் அந்தக் கட்டம் முடிந்தே போயிருந்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தின் புகைமூட்டத்தோடு மல்லுக்கட்டிய கலிபோர்னியாவின் காற்று வாரியம்தான் இதற்கெல்லாம் மூலகாரணம். புகையைக் கட்டுப்படுத்தும் பாகம் கெட்டுப்போனால் வண்டி அதைத் தானே கண்டுபிடித்து ஓட்டுபவருக்குச் சொல்ல வேண்டும் என்று அது விதி போட்டது. ஆனால் ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு கனெக்டர், ஒவ்வொரு எண் வைத்திருந்தது. 1996 மாடலிலிருந்து அமெரிக்கக் கார்கள் எல்லாவற்றுக்கும் ஒரே விதி வந்தது: பதினாறு முனை கொண்ட ஒரே வடிவக் கனெக்டர், டிரைவர் சீட்டிலிருந்து எட்டும் தூரத்தில், எந்தக் கம்பெனி வண்டியானாலும் ஒரே எண் ஒரே கோளாறைக் குறிக்க வேண்டும். அதைத்தான் ஓ.பி.டி. இரண்டு என்கிறோம். ஐரோப்பாவில் 2001-இல் பெட்ரோல் கார்களுக்கு வந்தது. நம் நாட்டில் பாரத் ஸ்டேஜ் நான்கு என்ற புகை விதியோடு சேர்த்து 2010 ஏப்ரலில் முதல் கட்டமும், 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டமும் வந்தன.

அதிலும் எல்லைக்காரர்களான எங்களுக்கு ஒரு வேடிக்கை. 2010-இல் பாரத் ஸ்டேஜ் நான்கு பதின்மூன்று பெருநகரங்களுக்கு மட்டும்தான். பெங்களூர் அதில் உண்டு, கிருஷ்ணகிரி இல்லை. நாடு முழுக்க வர 2017 ஆனது. அதுவரை சட்டப்படி பார்த்தால் அத்திப்பள்ளிக்கு அந்தப்புறம் நகரத்தில் விற்கும் வண்டிக்கு ஒரு விதி, எங்கள் ஊரில் விற்கும் வண்டிக்கு இன்னொரு விதி. பட்டறைக்கு இரண்டும்தான் வரும். கே.ஏ. நம்பர் பார்த்தாலே மாமா குனிந்து ஸ்டியரிங்குக்குக் கீழே அந்தக் கனெக்டர் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது.

ஸ்கேனர் வாங்கக் காசு இல்லாத காலம் ஒன்று இருந்தது. கிருஷ்ணகிரியிலிருந்து ஒருவர் பைக்கில் வருவார். பூத்துவாலையில் சுற்றிய கருவியை டேங்க் கவரில் வைத்திருப்பார். பட்டறை பட்டறையாகப் போய் ஸ்கேன் போட்டுக் கொடுப்பது அவர் தொழில். நாங்கள் யாரும் கருவியைத் தொடக்கூடாது. திரையை அவர் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, கோடை மட்டும் வாயால் சொல்லிவிட்டு, காசை வாங்கிக்கொண்டு போய்விடுவார். மாமா அவரிடமும் விசாரணையை ஆரம்பித்தார். "அந்தக் கோடு விழுந்தப்ப வண்டி எப்படி இருந்துச்சுன்னு அதுல தெரியுமா?" அவர் தெரியாது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அது அந்தக் கருவியிலேயே இருந்தது என்பது எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது. ஒருவேளை அவருக்கு அந்தப் பக்கத்தைத் திறக்கத் தெரியாமல் இருந்திருக்கலாம்.

பிறகு விலை சரிந்தது. கனடாவில் எல்ம் என்ற சின்னக் கம்பெனி செய்த ஒரு சிப், வண்டியின் பாஷையை கம்ப்யூட்டருக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுத்தது. அதைப் பார்த்துச் செய்த நகல்கள் சீனாவிலிருந்து தீப்பெட்டி அளவில் வந்து குவிந்தன. கனெக்டரில் செருகி, போனில் ப்ளூடூத்தில் இணைத்தால் யார் வேண்டுமானாலும் கோடு படிக்கலாம். பூத்துவாலைக்காரர் வருவது நின்றது. வண்டிக்காரர்களே போனை நீட்டி "பி 0420 காட்டுதுண்ணா, கன்வெர்ட்டர் மாத்திடுங்க" என்று வைத்தியமும் சேர்த்துச் சொல்ல ஆரம்பித்தார்கள். இதில் எனக்கு உடன்பாடில்லை. கோடு எந்த அளவு தப்பியது என்று சொல்லுமே தவிர, எதனால் தப்பியது என்று சொல்லாது. 0420 என்றால் புகையைச் சுத்தம் செய்யும் கன்வெர்ட்டருக்குப் பின்னால் வரும் புகையின் கணக்கு ஒத்துவரவில்லை என்பது மட்டும்தான். சைலன்சர் பைப்பில் ஓட்டை விழுந்து வெளிக்காற்று உள்ளே போனாலும் அந்தக் கணக்கு ஒத்துவராது.

மாமாவுக்கும் ஸ்கேனருக்கும் சமாதானம் ஆன நாளைச் சொல்ல வேண்டும். மருமகன் அப்போது ஐ.டி.ஐ. முடித்துவிட்டுப் பட்டறையில் உட்கார ஆரம்பித்திருந்தான். ஒரு டீசல் கார் வந்தது. ஓசூர் சிப்காட்டில் வேலை பார்ப்பவர், தினமும் போய்வருபவர். மேலுமலையில் ஏறும்போது திடீரென்று வேகம் செத்துவிடுகிறது, மஞ்சள் விளக்கு வருகிறது, நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் செய்தால் ஊர்ந்து போய்ச் சேருகிறது என்றார். வேறொரு இடத்தில் காட்டியிருக்கிறார். டர்போ போய்விட்டது, புதிது போட வேண்டும் என்று பெரிய தொகையாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். தாளை எங்களிடம் காட்டும்போதே அவர் முகம் சுண்டியிருந்தது.

பையன் ஸ்கேனரைச் செருகினான். பி 0299. டர்போ தள்ள வேண்டிய காற்றழுத்தம் போதவில்லை. மாமா முழங்கால் வலியோடு ஸ்டூலில் உட்கார்ந்தபடியே, வழக்கம்போல, டிரைவரைப் பார்த்து ஆரம்பித்தார்: "எந்த கியர்ல? எவ்வளவு வேகம்?" அவர் "சரியா ஞாபகம் இல்லைங்க" என்றார். பையன் திரையில் இன்னொரு பக்கத்தைத் திறந்தான். "இருங்க தாத்தா, இதுல இருக்கு. 2,400 சுத்து. வேகம் 52. லோடு 94. தண்ணிச் சூடு 91."

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை.

"மூணாவது கியர்" என்றார். "வண்டி சூடாயிருக்கு. மிதிச்சிருக்காரு. ஏத்தம்தான். இதெல்லாம் அதுல எழுதியிருக்கா?"

ஃப்ரீஸ் ஃப்ரேம் என்று பெயர். கோடு விழுந்த அந்த நொடியில் என்ஜின் எத்தனை சுற்று, என்ன வேகம், எவ்வளவு பாரம், எவ்வளவு சூடு என்பதையெல்லாம் கம்ப்யூட்டர் குறித்து வைத்துக்கொள்ளும். டீ வாங்கிக் கொடுத்து மாமா காலமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அதே கேள்விகள். இதைச் செய்தவர்களும் ஏதோ ஓர் ஊரில் ஒரு மேஸ்திரியிடம் உட்கார்ந்து கேட்டுவிட்டுத்தான் செய்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது.

பாரம் ஏறும்போது மட்டும் அழுத்தம் குறைகிறதென்றால் டர்போவைக் கழற்றுவதற்கு முன்னால் பார்க்க வேண்டிய இடம் வேறு. மாமா பையனைக் கீழே படுக்கச் சொன்னார். இன்டர்கூலரிலிருந்து என்ஜினுக்குப் போகும் ரப்பர் ஹோஸின் அடிப்பக்கத்தைக் கண்ணால் பார்க்க முடியாது, விரலால்தான் தடவ வேண்டும். பையன் கையை எடுத்தபோது இரண்டு விரலிலும் எண்ணெயும் புழுதியும் குழைந்த கறுப்புச் சேறு. ஹோஸைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லை. மாமா அதை வாங்கி இரண்டு கையாலும் வளைத்தார். விரல்நீளத்துக்கு ஒரு கீறல் வாயைத் திறந்தது. விட்டதும் மூடிக்கொண்டது. நின்ற இடத்தில் என்ஜின் ஓடும்போது அது மூடியே இருக்கும். ஏற்றத்தில் அழுத்தம் கூடும்போது பிளந்து காற்றை வெளியே விட்டுவிடும்.

புது ஹோஸ் போட்டு, கோடை அழித்து, ஸ்கேனரைச் செருகியபடியே மேலுமலைக்கு ஓட்டிப் போனோம். திரையில் கேட்ட அழுத்தம் ஒரு வளைகோடாகவும், கிடைத்த அழுத்தம் இன்னொன்றாகவும் ஓடின. ஏற்றம் முடியும்வரை இரண்டும் ஒட்டியே போயின. பின்சீட்டில் மாமா திரையைப் பார்க்கவே இல்லை. ஜன்னலை இறக்கிவிட்டு சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வந்தார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "சரியாயிடுச்சு" என்றார்கள்.

எலி விவகாரத்தையும் சொல்லாமல் விட்டால் இந்தப் பக்கத்துக் கதை முழுமையாகாது. கிருஷ்ணகிரி மாந்தோப்புச் சீமை. காரை மரத்தடியில் நிறுத்துவார்கள். ராத்திரியில் என்ஜின் சூட்டுக்கு எலி ஏறி உட்காரும், சும்மா இருக்காமல் ஒயரைக் கடிக்கும். அப்படி வந்த ஒரு காரில் ஸ்கேன் போட்டபோது திரை நிறையக் கோடுகள். காற்றழுத்த சென்சார், த்ராட்டில் சென்சார், ஏ.சி. அழுத்த சென்சார் என்று நீண்டுகொண்டே போனது. பையன் மிரண்டுவிட்டான். மாமா கேட்டார்: "இத்தனை பேரும் ஒரே ராத்திரியில சாவாங்களாடா? எல்லாருக்கும் சோறு போடறவன் யாரு, அவனைப் பாரு." அந்த சென்சார்களுக்கெல்லாம் கம்ப்யூட்டர் ஒரே வழியில் ஐந்து வோல்ட் அனுப்புகிறது. அந்த ஒயர் ஓரிடத்தில் தோல் உரிந்து இரும்பில் பட்டுவிட்டால் அதை நம்பியிருக்கும் அத்தனை சென்சாரும் ஒன்றாகப் பொய் சொல்லும். ஐந்து வோல்ட் கணக்கு மாமாவுக்குத் தெரியாது. குடும்பக் கணக்கு தெரியும், அது போதுமாக இருந்தது. பேட்டரி தட்டுக்குக் கீழே கடிபட்ட இடத்தைக் கண்டுபிடித்து டேப் சுற்றினோம். எலி விட்டுப்போன மாங்கொட்டை ஒன்றும் அங்கேயே கிடந்தது.

இப்போது ஊரே மாறிவிட்டது. குருபரப்பள்ளி சிப்காட்டில் டெல்டா போன்ற எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனிகள். ஓசூரில் ஏத்தர், போச்சம்பள்ளியில் ஓலா என்று மின்சார ஸ்கூட்டர்கள் எங்கள் மாவட்டத்திலிருந்தே நாடெங்கும் போகின்றன. வேலைக்குப் போகும் பிள்ளைகள் அதில்தான் வருகிறார்கள். மருமகனிடம் கொண்டுவந்து நிறுத்தினால் அவன் கையை விரிக்கிறான். ஓ.பி.டி. விதி புகையை அளக்கப் பிறந்தது. புகையே இல்லாத வண்டிக்கு அது பொருந்தாது. ஒவ்வொரு கம்பெனியும் தன் கனெக்டர், தன் கோடு, தன் பூட்டு. 1996-க்கு முன்னால் அமெரிக்கா இருந்த இடத்துக்கு நாம் சுற்றிக்கொண்டு வந்து நிற்கிறோம். 2022-இல் மத்திய நுகர்வோர் நலத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்காக ஓர் இணையதளம் தொடங்கியது. அதில் வாகனத் துறையும் உண்டு. நல்ல காரியம்தான். ஆனால் ரோட்டோரப் பட்டறைக்குக் கோடு படிக்கும் உரிமை சட்டமாக வந்தால்தான் பிரயோசனம். கம்பெனிகள் மனமிரங்கிக் கொடுக்கும் என்று நான் நம்பவில்லை.

பெட்ரோல், டீசல் கார் வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். மஞ்சள் விளக்கு எரிந்தால் "கோடை அழிச்சு விடுங்க" என்று முதல் வார்த்தையாகச் சொல்லாதீர்கள். அழித்தால் விளக்கு அணையும், கூடவே அந்த நொடியின் குறிப்பும் போய்விடும். பிறகு மெக்கானிக் இருட்டில்தான் தேட வேண்டும். இன்னும் சிலர் செய்வது இதைவிட மோசம். பழைய காரை விற்பதற்கு முந்தின நாள் கோடுகளை அழித்துவிட்டு, "விளக்கே எரியலையே, பாருங்க" என்று காட்டுவார்கள். வாங்கப் போகிறவர்கள் சாவியை ஆன் செய்ததும் அந்த விளக்கு எரிகிறதா, என்ஜின் கிளம்பியதும் அணைகிறதா என்று பாருங்கள். எரியவே இல்லையென்றால் விளக்கையே பிடுங்கியிருக்கலாம். ஸ்கேனரில் 'ரெடினஸ்' என்றொரு பக்கம் உண்டு. பாகங்களைச் சோதித்து முடித்துவிட்டதா என்று வண்டி அதில் சொல்லும். கோடை அழித்தால் அந்தச் சோதனைகளும் முதலிலிருந்து தொடங்கும். முடிய சில நாள் ஓட்டம் வேண்டும். பல சோதனைகள் பாக்கி என்று காட்டினால், சமீபத்தில் யாரோ அழித்திருக்கிறார்கள், இல்லை பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். ஏன் என்று கேளுங்கள்.

பட்டறைக்குப் போனால் கோடையும் ஃப்ரீஸ் ஃப்ரேம் எண்களையும் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் திரையைப் போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். எழுதித் தரமாட்டேன் என்கிற பட்டறையில் வண்டியை விடாதீர்கள்.